முகாம் பிள்ளைங்க காலேஜ் சேரப் போறப்ப எங்கெங்க மாட்டிக்கிறாங்க

காரைக்குடியில ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துட்டா ஒக்கூர், லேனாவிளக்கு பக்கமிருந்து இலங்கைத் தமிழர் முகாம் பிள்ளைங்க ஃபார்ம் போட வரும். போன வருஷம் ஒரு பிள்ளை, நல்ல மார்க்கு, ஒரு காலேஜ் கவுன்டர்ல "நீ ஃபாரினர்மா, பாஸ்போர்ட் விசா கொண்டா"ன்னு சொல்லிட்டாங்க. பிறந்தது வளந்தது எல்லாம் இங்கதான், அது எங்க போகும் பாஸ்போர்ட்டுக்கு? மூணு வாரம் அலைஞ்சுச்சு, அதுக்குள்ள சீட்டு முடிஞ்சுபோச்சு. அந்த முகம் கண்ணுலயே நிக்கிது, அதான் எழுதுறேன்.

அரசாங்கத்தோட உதவித் திட்டம் இதுதான். 2021 ஆகஸ்ட்ல தமிழ்நாடு சட்டசபையில அறிவிச்சாங்க. முகாம்ல இருக்க பிள்ளைங்களுக்கு கல்வி உதவித்தொகை பாலிடெக்னிக்னா 2,500ல இருந்து 10,000, ஆர்ட்ஸ் சயின்ஸ் டிகிரின்னா 3,000ல இருந்து 12,000, தொழிற்படிப்புன்னா 5,000ல இருந்து 20,000 ரூபாய்னு ஏத்தினாங்க. இன்ஜினியரிங்ல மார்க் வரிசையில முதல் 50 பேருக்கு ஃபீஸும் ஹாஸ்டலும் முழுசா அரசாங்கமே கட்டும்னும் சொன்னாங்க. பேப்பர்ல நல்லாத்தான் இருக்கு, அதைக் கையில வாங்குறதுதான் பாடு.

முதல்ல பதிவு. இந்த உதவி முகாம் பதிவுல பேர் இருக்கறவங்களுக்குத்தான். 2021 கணக்குல முகாம்ல 58,822 பேர், வெளிப்பதிவுல 34,087 பேர், அவங்க போலீஸ் ஸ்டேஷன்ல பதிஞ்சுட்டு வெளிய வாடகைக்கு இருக்காங்க. பிள்ளை படிக்க வசதியா இருக்கும்னு குடும்பத்தோட காரைக்குடிக்கு வந்து வெளிப்பதிவுக்கு மாறிட்டீங்கன்னா, எந்தப் பிள்ளைக்காக மாறினீங்களோ அதுக்கே பணம் வராது. மாறுறதுக்கு முன்னாடி தயவுசெஞ்சு யோசிங்க.

அடுத்து தணிக்கை, அதாவது பதிவுல இருக்கறவங்க முகாம்ல நேர்ல இருக்காங்களான்னு ஆபீசருங்க வந்து சரிபாக்கறது. ஹாஸ்டல்ல சேர்ற பிள்ளை தணிக்கை அன்னைக்கு முகாம்ல இருக்காது, ஆள் இல்லைன்னு எழுதிட்டா அரசாங்கம் மாசாமாசம் குடுக்கற பணக்கொடை நிக்கும், அப்பறம் பதிவுக்கே சிக்கல். அதனால ஹாஸ்டல்ல பெட்டியை வைக்கிறதுக்கு முன்னாடியே காலேஜ்ல போனஃபைடும் (இங்க படிக்கிறாங்கன்னு குடுக்கற சான்று) ஹாஸ்டல் லெட்டரும் வாங்கி முகாம் ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) கிட்ட குடுத்து, உங்க காப்பியில தேதி போட்டு கையெழுத்து வாங்கிக்கங்க. "நான் பாத்துக்கறேன் போ"ன்னு வாயால சொன்னா நம்பி வந்துறாதீங்க, அடுத்த மாசம் வேற ஆர்.ஐ. வந்துருவாரு, அவருக்கு ஒண்ணுமே தெரியாது.

பேரு விஷயம் இதைவிட மோசம். முகாம் குடும்ப அட்டையில அப்பா பேரு முழுசா முன்னால இருக்கும், டி.சி.யில வெறும் இனிஷியல், ஆதார்ல மூணாவது மாதிரி ஸ்பெல்லிங். ஒரு எழுத்து மாறினாலும் ஃபைலைத் திருப்பி அனுப்புவாங்க, அதுவும் ஏன் திருப்பினோம்னு சொல்லாமலே. லெவன்த் படிக்கும்போதே மூணையும் பக்கத்துல வச்சுப் பாத்து திருத்திருங்க. ரிசல்ட் வந்தப்புறம் திருத்த நேரமே கிடைக்காது.

இப்ப அந்த ஃபாரினர் பிரச்சினை. இங்க பிறந்தாலும் குடியுரிமை தானா வராது, 2004 டிசம்பருக்கு அப்பறம் பிறந்ததுன்னா அப்பா அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தர் இந்தியரா இருக்கணும், இன்னொருத்தர் சட்டவிரோதமா வந்தவரா இருக்கக்கூடாது. 2019 குடியுரிமைச் சட்டத் திருத்தத்துலயும் இலங்கையைச் சேக்கல. ஆனா 2025 செப்டம்பர்ல மத்திய அரசு ஒரு உத்தரவு போட்டுச்சு, 2015 ஜனவரி 9க்குள்ள வந்து பதிவு பண்ண இலங்கைத் தமிழர்கள் மேல பாஸ்போர்ட், விசா இல்லைன்னு நடவடிக்கை கிடையாதுன்னு. இது குடியுரிமை இல்ல, அப்படி யாராவது சொல்லி காசு கேட்டா குடுத்துறாதீங்க. ஆனா கவுன்டர்ல பாஸ்போர்ட் எங்கன்னு கேட்டா அகதி அடையாள அட்டையோட இந்த உத்தரவு பிரிண்டையும் எடுத்து வைங்க. அப்பயும் இல்லைன்னா, அந்த இல்லைங்கறதை எழுத்துல குடுங்கன்னு கேளுங்க. பாதிப் பேரு அங்கயே இறங்கி வந்துருவாங்க.

ஃபார்ம்ல பயந்துக்கிட்டு இந்தியன்னு டிக் பண்ணிறாதீங்க. அன்னைக்கு உள்ள விட்டுருவாங்க, சர்டிஃபிகேட் சரிபார்க்கிற அன்னைக்குப் பொய் சொன்னதா ஆயிரும். சாதிச் சான்று இல்லைன்னா ஓ.சி.யிலதான் (பொதுப் பிரிவு) போட்டி, அதுக்குத் தகுந்த காலேஜா பாத்துப் போடுங்க.

எம்.பி.பி.எஸ். பத்தி வெளிப்படையாவே சொல்லிடறேன். நம்ம அரசு ஒதுக்கீட்டு சீட்டுக்கு இந்தியக் குடியுரிமை வேணும். இது தெரிஞ்சே முகாம் வீட்டுல நீட் கோச்சிங்னு பணம் வாங்கறவங்க இருக்காங்க, பெயின்ட் வேலைக்குப் போய் சேத்த காசு அது, எனக்கு வயிறு எரியுது. பேங்க் கல்விக் கடனும் இந்தியக் குடிமக்களுக்குத்தான், அதுக்கு அலைஞ்சு நாளைத் தொலைக்காதீங்க.

பணம் லேட்டாத்தான் வரும். காலேஜ் ஜூன்லயே ஃபீஸ் கேக்கும். அதனால தவணையில கட்ட பிரின்சிபாலுக்கு முன்னாடியே லெட்டர் குடுங்க, கட்டின ஒவ்வொரு ரசீதையும் வச்சிருங்க.

இன்னொண்ணு, இதுலதான் நம்ம ஏரியாவுல நிறைய பேர் ஏமாறுறாங்க. காரைக்குடி சிவகங்கை மாவட்டம், லேனாவிளக்கு புதுக்கோட்டை மாவட்டம். காலேஜ் இங்க இருக்குன்னு சிவகங்கை கலெக்டர் ஆபீஸுக்கு பஸ் ஏறிப் போவாங்க, அங்க நாள் பூரா உக்காந்தப்புறம் இது எங்களுது இல்லம்பாங்க. முகாம் எந்த மாவட்டமோ அங்கதான் போகணும். ஆர்.ஐ. கையெழுத்து ரெண்டு வாரம் இழுத்தா திங்கக்கிழமை குறைதீர்க்கும் நாள்ல மனு குடுங்க, மனு ரசீது வாங்காம வெளிய வராதீங்க. பேப்பர் வேலைக்கு ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்துக்காரங்ககிட்டயும் கேளுங்க, 1984ல இருந்து இதே வேலையா இருக்காங்க.

என் கடைக்கு வந்தா ஃபார்ம் நான் போட்டுத் தர்றேன், முகாம் பிள்ளைங்ககிட்ட காசு வாங்கறதில்ல. குடும்ப அட்டை ஒரிஜினலை மட்டும் மறக்காம எடுத்துட்டு வாங்க, செல்லுல எடுத்த போட்டோவை வச்சு பேரு சரிபாக்க முடியல.