வெளியே போகும் அழைப்பில் எந்த எண் தெரிய வேண்டும்?

தாங்கள் அழைக்கும்போது பெற்றோருக்குத் தெரியும் எண்ணுக்கு அவர்கள் திருப்பி அழைத்தால் எங்கும் மணி ஒலிப்பதில்லை என்று ஒரு பள்ளி அலுவலகத்திலிருந்து சென்ற வாரம் புகார் வந்தது. போய்ப் பார்த்தபோது, இதே கோளாறு இன்னும் எத்தனை இடங்களில் காத்திருக்கிறதோ என்ற அலுப்புத்தான் மிஞ்சியது. ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனிலிருந்தும் (மேசையில் உள்ள உள் தொலைபேசி) போகும் அழைப்பில் தனித்தனி டிஐடி எண் (வெளியிலிருந்து ஒரு மேசைக்கு நேராக அழைக்க உதவும் எண்) தெரியும்படி இபிஏபிஎக்ஸில், அதாவது அலுவலகத்தின் தொலைபேசி இணைப்பகத்தில், அமைத்திருந்தார்கள். அந்த எண்களுக்கு அழைப்பு வந்தால் எந்த மேசையில் ஒலிக்க வேண்டும் என்பதை மட்டும் அமைக்காமல் விட்டிருந்தார்கள். இவை இரண்டும் வெவ்வேறு அமைப்புகள். ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது.

இதையாவது மறதி என்று விட்டுவிடலாம். "எங்கள் எம்.டி.யின் செல்பேசி எண் தெரியும்படி செய்துவிடுங்கள்", "1800 எண் தெரிந்தால் மதிப்பாக இருக்கும்" என்று கேட்பவர்களிடம்தான் பொறுமை கரைகிறது. காலர் ஐடி என்ற கட்டத்தில் எதைத் தட்டினாலும் அது அப்படியே வாடிக்கையாளரின் திரைக்குப் போய்விடும் என்று நினைக்கிறார்கள். உங்கள் இபிஏபிஎக்ஸ் ஓர் எண்ணை முன்மொழிகிறது, அவ்வளவே. அந்த எண் உங்கள் பிஆர்ஐ அல்லது எஸ்ஐபி டிரங்குக்கு (உங்கள் இபிஏபிஎக்ஸைத் தொலைபேசி நிறுவனத்தோடு இணைக்கும் தடம்) ஒதுக்கப்பட்ட வரிசையில் இருக்கிறதா என்று பார்ப்பது தொலைபேசி நிறுவனத்தின் வேலை. இல்லையென்றால் அதை நீக்கிவிட்டு உங்கள் பைலட் எண்ணை (அந்த டிரங்கின் முதன்மை எண்) போடும், அல்லது அழைப்பையே நிராகரிக்கும். எம்.டி.யின் எண் எம்.டி.க்கே சொந்தமானதாக இருக்கலாம். ஆனால் அது அந்த டிரங்குக்கு உரியதல்ல. 1800 எண்ணோ, வரும் அழைப்பை வேறொரு சாதாரண எண்ணுக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு மட்டுமே. அதிலிருந்து அழைப்பு புறப்படுவதே இல்லை. "போன தடவை வந்த டெக்னீஷியன் செய்து தருவதாகச் சொன்னாரே" என்பவர்களுக்கு: 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், 42ஆம் பிரிவில், தொலைத்தொடர்பு அடையாளத்தை (தொலைபேசி எண் போன்றது) திரிப்பவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. அந்த டெக்னீஷியன் உங்களோடு வந்து நிற்கமாட்டார்.

ட்ரூகாலரில் பழைய நிறுவனத்தின் பெயர் வருகிறது என்று என்னை அழைப்பதும் வீண். அது அந்தச் செயலியின் பட்டியலில் உள்ள பெயர். அங்கேதான் திருத்தம் கேட்க வேண்டும்.

விளம்பர அழைப்புகளை அலுவலக எண்ணிலிருந்து மொத்தமாகச் செய்கிறவர்கள் இன்னும் ஆபத்தான இடத்தில் நிற்கிறார்கள். அவற்றுக்கென்று 140 என்று தொடங்கும் எண் வரிசை இருக்கிறது. பதிவு செய்யாமல் பிஆர்ஐ, எஸ்ஐபி வழியாக விளம்பர அழைப்பு செய்வோரின் எல்லா இணைப்புகளையும் துண்டித்து, 2 ஆண்டு வரை கறுப்புப் பட்டியலில் வைக்குமாறு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 ஆகஸ்டில் தொலைபேசி நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. துண்டிக்கப்படுவதில் உங்கள் பைலட் எண்ணும் சேர்த்தி.

எண்ணை எந்த வடிவில் அனுப்ப வேண்டும் என்பதைத் தொலைபேசி நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சென்னை எண்ணை 044 என்று தொடங்குவதா, பூஜ்யம் இல்லாமல் 44 என்பதா, 91 சேர்ப்பதா என்பது இடத்துக்கு இடம் மாறும். ஊகித்து அமைத்தால், வாடிக்கையாளரின் திரையில் திருப்பி அழைக்கவே முடியாத ஓர் எண் தெரியலாம். அமைத்த பிறகு ஒவ்வொரு துறையிலிருந்தும் ஒரு ஜியோ, ஒரு ஏர்டெல், ஒரு பிஎஸ்என்எல் செல்பேசிக்கு அழைத்து, தெரியும் எண்ணைப் பாருங்கள். பார்த்ததோடு நிறுத்தாமல் அதற்குத் திருப்பி அழைத்து, யார் எடுக்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். டிரங்கை மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யத்தான் வேண்டும்.

தொழிற்சாலை, விடுதி நடத்துகிறவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். நள்ளிரவில் வாயிற்காவலர் 108க்கு அழைக்கிறார். வழி கேட்க ஆம்புலன்ஸ்காரர் திரும்ப அழைக்கும்போது பைலட் எண்ணின் ஐவிஆர் (தானியங்கிக் குரல் பதில்), "அலுவலக நேரம் காலை ஒன்பதரை முதல்" என்று பேசிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? காவலரின் எக்ஸ்டென்ஷனுக்கு நேராக ஒலிக்கும் டிஐடி எண் ஒன்றை ஒதுக்கி, அங்கிருந்து போகும் அழைப்பில் அந்த எண்ணே தெரியும்படி இன்றே அமைத்துவிடுங்கள்.