கல்லூரி மாறினாலும் பழைய கிரேடு கூடவே வரும்

அமெரிக்காவில் இரண்டு வருடம் கம்யூனிட்டி காலேஜ், அப்புறம் பெரிய பல்கலைக்கழகம் என்று பட்டம் முடிக்கிறவர்கள் ஏராளம். செலவு குறையும், நல்ல வழிதான். ஆனால் சட்டம் படிக்கும் எண்ணம் இருந்தால் ஒன்றைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். புதிய பல்கலைக்கழகம் பெரும்பாலும் பழைய கிரெடிட்டை (முடித்த பாடங்களின் அளவு) மட்டும் ஏற்றுக்கொள்ளும்; பழைய கிரேடைத் தன் ஜி.பி.ஏ.வில் (கிரேடுகளின் சராசரி, பொதுவாக 4-க்கு) சேர்க்காது. சட்டக் கல்லூரிச் சேர்க்கையில் கணக்கு வேறு.

முதல் இளங்கலைப் பட்டம் வாங்கும்வரை படித்த அத்தனை கல்லூரிகளின் டிரான்ஸ்கிரிப்டும் (மதிப்பெண் பட்டியல்), சட்டக் கல்லூரி விண்ணப்பங்களைக் கையாளும் எல்.எஸ்.ஏ.சி. என்ற அமைப்புக்குப் போக வேண்டும். அது எல்லாவற்றையும் சேர்த்துத் தனியாக ஒரு ஜி.பி.ஏ. போடும். என்னிடம் ஆலோசனைக்கு வந்த மாணவி ஒருவர் தன் ஜி.பி.ஏ. 3.8 என்றே நம்பியிருந்தார். முதல் கல்லூரியில் 60 கிரெடிட்டுக்கு 3.0, அடுத்ததில் 60 கிரெடிட்டுக்கு 3.8. சேர்த்துப் போட்டால் 3.4. எந்தெந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பது என்ற பட்டியலையே மாற்ற வேண்டியதாயிற்று. சட்டக் கல்லூரிகள் தங்கள் மாணவர்களின் இடைநிலை (மீடியன்) ஜி.பி.ஏ.வை ஆண்டுதோறும் வெளியிட்டாக வேண்டும். அதனால் இந்த எண்ணை அவை லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

ஒரு பாடத்தில் எஃப் வாங்கி, மறுபடி படித்து ஏ வாங்கினால், பல கல்லூரிகள் அந்த எஃப்பை விட்டுவிடும். டிரான்ஸ்கிரிப்டில் கிரேடும் கிரெடிட்டும் தெரிந்தால் எல்.எஸ்.ஏ.சி. இரண்டையும் எண்ணும். பள்ளியில் படிக்கும்போதே எடுத்த கல்லூரிப் பாடமும் கணக்கில் வரும். பலர் மறப்பது இதைத்தான். அந்த டிரான்ஸ்கிரிப்ட் வராமல் விண்ணப்பம் அப்படியே நின்றுவிடும். ஆறுதலான செய்தியும் உண்டு: ஏ பிளஸ் 4.33 ஆகக் கணக்கிடப்படும்.

முதல் பட்டம் கைக்கு வந்ததும் அந்த எண் உறைந்துவிடும். முதுகலையில் எவ்வளவு வாங்கினாலும் அதில் சேராது. ஆகவே சரிசெய்ய நினைத்தால் பட்டத்துக்கு முன்பே செய்ய வேண்டும்.

பழைய கிரேடு குறைவு என்பதற்காக மனம் தளர வேண்டாம். எல்.எஸ்.ஏ.சி. அறிக்கை வருடவாரியாகவும் கல்லூரிவாரியாகவும் ஜி.பி.ஏ.வைக் காட்டும், ஏறுமுகம் கண்ணில் படும். வேலை, உடல்நலக் குறைவு என்று உண்மையான காரணம் இருந்தால், ஒரு பத்தியில் தனி விளக்கமாக எழுதி இணையுங்கள். நீட்டி எழுதாதீர்கள், பேராசிரியரைக் குறை சொல்லாதீர்கள்.

இப்போது இரண்டாம், மூன்றாம் வருடத்தில் இருக்கிறீர்களா? எல்லாக் கல்லூரி கிரேடுகளையும் எடுத்து வைத்து, ஒன்றாகச் சேர்த்து இந்த வாரமே கணக்குப் போட்டுப் பாருங்கள்.