பாச்சை உருண்டைக்குள் ஒரு காந்தம்

"காந்த வளையல் போட்டால் ரத்தத்தில் உள்ள இரும்பை இழுத்து ஓட்டத்தைச் சீராக்குமாமே, உண்மையா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

இல்லை. ரத்தத்தில் இரும்பு ஆணித்தூளாக மிதக்கவில்லை. ஹீமோகுளோபினுக்குள் தனித்தனி அணுவாகக் கட்டுண்டு கிடக்கிறது. ஆக்சிஜன் ஏறிய ரத்தம் காந்தத்திடமிருந்து மிக லேசாக விலகவே பார்க்கும். எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் 1.5 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) காந்தத்துக்குள் அரை மணி நேரம் படுத்துவிட்டு எழுந்து வீட்டுக்கு நடந்து போகிறோம். வளையல் என்ன செய்துவிடும்? அதை விற்பவருக்கு மட்டும் பணப்புழக்கம் சீராகும்.

ஆனால் அந்த 'லேசாக விலகுவது' சுவாரசியமான விஷயம். பள்ளியில் படித்த டயா காந்தத்தன்மைதான் அது. நீர், மரம், மெழுகு, நம் உடம்பு எல்லாமே இந்த வகை. நீரில் தூண்டப்படும் காந்தம், அதைத் தூண்டும் வெளிக் காந்தப்புலத்தில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. இவ்வளவு அற்பமானதை, அதுவும் சில மில்லிகிராம் எடையுள்ள படிகத்தில், எப்படி அளப்பது?

இதில் கை தேர்ந்தவர் நம் வத்திராயிருப்பில் 1898-ல் பிறந்த கே.எஸ்.கிருஷ்ணன். 1928-ல் கல்கத்தாவில், ஒளி சிதறும்போது அதன் நிறம் சற்றே மாறும் ராமன் விளைவைக் கண்டபோது ராமனுடன் இருந்தவர் என்ற அளவிலேயே பலருக்கும் அவரைத் தெரியும். தேசிய அறிவியல் நாளான பிப்ரவரி 28-ல் ஒவ்வொரு ஆண்டும் அவர் பெயர் ஒரு வரியில் வந்து போகும். அவருடைய சொந்த ராஜ்ஜியம் அப்புறம்தான் தொடங்கியது. 1928 இறுதியில் டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போய், படிகங்களின் காந்தத்தன்மையைக் கையில் எடுத்தார். திசைக்குத் திசை அது எப்படி மாறுகிறது என்பதுதான் கேள்வி.

கருவி எளிமையானது. மின்காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே, மெல்லிய குவார்ட்ஸ் இழையில் படிகத்தைத் தொங்கவிட வேண்டும். இழையின் மேல்நுனி, கோணம் குறித்த ஒரு குமிழில் இருக்கும். ஏன் குவார்ட்ஸ்? எவ்வளவு முறுக்கினாலும் விட்டதும் பழைய நிலைக்கே திரும்பும், தளர்ந்துபோகாது. (இங்கிலாந்தில் பாய்ஸ் என்பவர் உருகிய குவார்ட்ஸை அம்பில் ஒட்டி, வில்லால் எய்து இழை இழுத்தார். இயற்பியலில் எனக்குப் பிடித்த கிறுக்குத்தனங்களில் ஒன்று.)

புலத்தில் படிகம் தனக்குச் சௌகரியமான திசையில் நிற்கும். இப்போது குமிழை மெல்லத் திருக வேண்டும். ஊஞ்சல் கயிற்றை முறுக்குவது போல இழையில் முறுக்கு ஏறும். படிகமோ கொஞ்சம்தான் திரும்பும், புலம் அதைப் பிடித்து வைத்திருக்கும். அந்தப் பிடியின் வலு படிகம் திரும்பிய கோணத்தைப் பொறுத்தது. 45 பாகை வரை ஏறும், அதைத் தாண்டினால் இறங்கும். ஆகவே இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று என்று திருகிக்கொண்டே போனால், படிகம் 45 பாகையைத் தொட்டுத் தாண்டும் கணத்தில் பிடி விட்டு, சடாரென்று சுழன்றுவிடும்!

இதில்தான் கெட்டிக்காரத்தனம். படிகம் எத்தனை பாகை திரும்பியது என்று நுட்பமாக அளக்கவே தேவையில்லை. துள்ளும் கணத்தில் அது ஏறக்குறைய 45-ல் இருக்கிறது என்று கணக்கே சொல்லிவிடுகிறது. குமிழ் மொத்தம் எவ்வளவு சுற்றியது என்று பார்த்து, 45-ஐக் கழித்தால் இழையின் முறுக்கு கிடைக்கும். படிகத்தின் எடை, புலத்தின் வலிமை, இழையின் விறைப்பு தெரிந்தால், இரு திசைகளின் காந்தத்தன்மைக்கும் உள்ள வித்தியாசம் கைக்கு வந்துவிடும்.

சரி, வந்து என்ன லாபம்? பாச்சை உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் செய்யப் பயன்பட்டுவந்த நாஃப்தலீன், ஒட்டிப் பிறந்த இரண்டு பென்சீன் வளையம் (ஆறு கார்பன் அணுக்கள் கைகோத்த தட்டையான வளையம்). வளையத் தளத்துக்குச் செங்குத்தாகப் புலம் போனால், எலக்ட்ரான்கள் வளையத்தையே சுற்றி ஓடி எதிர்ப்பைப் பெருக்கும். தளத்தோடு போனால் அந்த ஓட்டம் இல்லை. எனவே படிகம் எந்தத் திசையில் அதிகம் எதிர்க்கிறது என்று பார்த்தாலே, உள்ளே மூலக்கூறுகள் எந்தச் சாய்வில் அடுக்கியிருக்கின்றன என்று ஊகித்துவிடலாம். எக்ஸ்-கதிரைப் பாய்ச்சிப் படிகத்தின் உள்ளமைப்பைக் கண்டறியும் எக்ஸ்-கதிர்ப் படிகவியலுக்கு இது நல்ல துணை. அந்தத் துறையின் பெரும்புள்ளியான கேத்லீன் லான்ஸ்டேல் 1936-ல் கிருஷ்ணனுடன் சேர்ந்தே ஒரு கட்டுரை வெளியிட்டார்.

இன்றைக்கு யாராவது, 'பாச்சை உருண்டைப் படிகத்தை நூலில் கட்டித் திருகப் போகிறேன்' என்று ஆய்வு நிதிக்கு எழுதிப்போட்டால், 'சமுதாயத்துக்கு இதனால் என்ன பயன்' என்ற கட்டத்திலேயே கோப்பு திரும்பி வந்துவிடும் என்பது என் எண்ணம்.

கிருஷ்ணன் 1933-ல் கல்கத்தாவுக்கே திரும்பினார், 1942-ல் அலகாபாத், 1947-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். இடையில் அவர் விடாமல் குடைந்த பொருள், அடுக்கடுக்கான கார்பனாகிய கிராஃபைட். அதன் அடுக்குகளுக்குச் செங்குத்தான திசையில் காந்த எதிர்ப்பு, அடுக்கோடு ஒட்டிய திசையைவிடப் பல பத்து மடங்கு.

இதை வாசகர் வீட்டிலேயே பார்க்கலாம், வளையல் விலைக்குள் முடிந்துவிடும். நான்கு சிறிய நியோடிமியம் காந்தங்களைச் சதுரங்கக் கட்டம்போல முனை மாற்றி மாற்றி ஒட்டவைத்து, மேலே மெல்லிய பைரோலிட்டிக் கிராஃபைட் (அடுக்குகள் ஒழுங்காக அமைந்த செயற்கை கிராஃபைட்) வில்லையை வையுங்கள். மின்சாரம் இல்லாமல் அந்தரத்தில் மிதக்கும். பென்சில் முனையை உடைத்துப் போட்டுவிட்டு என்னைத் திட்டாதீர்கள். அதில் களிமண் கலந்திருக்கும், அடுக்குகளும் தாறுமாறாகக் கிடக்கும்.