கான்வர்சேஷன் பீஸ்: உரையாடலா, அளவளாவலா?

பினாங்கில் ஓவிய வகுப்பு நடத்தும் என் தோழி, மாணவர் குறிப்பில் ‘கான்வர்சேஷன் பீஸ்’ என்ற ஓவிய வகையை ‘உரையாடல் ஓவியம்’ என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் பிரெஞ்சு ஓவியர் எட்கர் டெகா வரைந்த ‘பெல்லெல்லி குடும்பம்’. “டீச்சர், இதில் யாருமே பேசவில்லையே?” என்று ஒரு பையன் கேட்டிருக்கிறான். சரியான கேள்வி.

குடும்பத்தாரோ நண்பர்களோ வீட்டிலும் தோட்டத்திலும் இயல்பாகக் கூடியிருப்பதைக் காட்டும் படம்தான் கான்வர்சேஷன் பீஸ். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஹோகார்த், ஸோஃபானி போன்ற ஓவியர்கள் கையில் செழித்த வகை. ‘கான்வர்சாரி’ என்ற லத்தீன் சொல்லுக்குச் சேர்ந்து வாழ்தல், பழகுதல் என்று பொருள். ஆங்கிலத்திலும் முதலில் அதேதான். பேச்சு என்ற பொருள் பிறகு ஏறியது. அதனால் ‘உரையாடல்’ இங்கே பொருந்தாது.

டெகாவின் படத்துக்கு வருவோம். 1858இல் ஃபுளோரன்ஸில் அத்தை லாரா பெல்லெல்லி வீட்டில் தங்கியிருந்தபோது, ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கோட்டோவியமாக வரைந்து, பிறகு ஒரே படத்தில் சேர்த்தார். அத்தை துக்கத்துக்கான கறுப்பு உடையில் நிற்கிறார். அண்மையில் இறந்த அவருடைய தந்தையின் படம் பின்சுவரில் தொங்குகிறது. அத்தையின் கை மூத்த மகளின் தோளில் இருக்கிறது, பார்வை வேறெங்கோ. மாமா ஜென்னாரோ நமக்கு முதுகு காட்டி நாற்காலியில். நடுவே சின்னவள் ஜூலியா, ஒரு காலை மடித்துக்கொண்டு. யார் கண்ணும் இன்னொருவர் கண்ணைத் தொடவில்லை. வலது ஓரத்தில் ஒரு நாய்கூட வெளியே போய்க்கொண்டிருக்கிறது, பாதி உடம்புதான் தெரிகிறது.

எங்கள் வீட்டுக் கூடத்தில் தாத்தா பாட்டி படமும் விறைப்பாகத்தான் இருக்கும். அது ஸ்டூடியோவில் அசையாமல் நின்ற விறைப்பு. டெகா காட்டுவது அதுவல்ல, அந்த வீட்டுக்குள்ளேயே இருந்த விலகல்.

சேர்ந்து பழகுதல் என்ற அந்தப் பழைய பொருளுக்குத் தமிழில் ‘அளவளாவல்’ என்ற அருமையான சொல் இருக்கிறது. இன்று அதையும் வெறும் அரட்டை என்று சுருக்கிவிட்டோம். அளாவுதல் என்றால் கலத்தல். சுடுதண்ணீரில் பச்சைத்தண்ணீரை விளாவுகிறோமே, அப்படி. ‘அளவளா வில்லாதான் வாழ்க்கை குளவளாக் கோடின்றி நீர்நிறைந் தற்று’ என்கிறது 523ஆம் குறள்: சுற்றத்தோடு கலந்து பழகாதவன் வாழ்க்கை, கரையில்லாத குளத்தில் நீர் நிறைந்தது போல. அது வரும் அதிகாரமே சுற்றந்தழால், அதாவது உறவினரை அணைத்துக்கொள்ளுதல். குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் இந்தச் சொல்லுக்குத் தரும் பொருளும் பேச்சு அல்ல, நெஞ்சு கலத்தல்.

அதனால் ‘அளவளாவல் ஓவியம்’ என்று மாற்றச் சொன்னேன். மாற்றிவிட்டாள். டெகாவின் படத்துக்குக் கீழே மட்டும், ‘அளவளாவு இல்லாத குடும்பம்’ என்று தன் கையாலேயே எழுதிச் சேர்த்திருக்கிறாள்.