டிபிக்கு மாதம் ஆயிரம் ரூபாய்: தனியாரிடம் வைத்தியம் பார்ப்பவருக்கும் உண்டு

காசநோய் உறுதியானவருக்கு, சிகிச்சை முடியும்வரை சத்தான சாப்பாட்டுக்காக மத்திய அரசு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. திட்டத்தின் பெயர் நிக்ஷய் போஷண் யோஜனா. 2018 ஏப்ரலில் 500 ரூபாயாகத் தொடங்கியது, 2024 நவம்பரில் இரட்டிப்பானது. வருமான வரம்பு கிடையாது. நுரையீரலில் வந்தாலும் சரி, நிணநீர்க் கட்டியிலோ எலும்பிலோ வந்தாலும் சரி, பணம் உண்டு.

தனியார் மருத்துவரிடம் போனால் கிடைக்காது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கிடைக்கும். காசநோயைக் கண்டறியும் எந்த மருத்துவரும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று 2012 முதலே விதி இருக்கிறது. அப்படித் தெரிவிக்கும்போது, காசநோயாளிகளைப் பதிவு செய்யும் நிக்ஷய் என்ற அரசு இணையதளத்தில் நோயாளிக்கு ஓர் எண் விழும். அந்த எண் இல்லாமல் பணம் வராது. எனவே, "என் பேரை நிக்ஷயில் ஏத்திட்டீங்களா டாக்டர்?" என்று கேட்டுவிடுங்கள், கூச்சம் வேண்டாம். பணம் நேராக வங்கிக் கணக்கில் ஏறும். முடங்கிக் கிடக்கும் கணக்கைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் 1800 11 6666 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். இருமல் இரண்டு வாரம் தாண்டினாலே ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளலாம். சாதாரண காசநோய்க்கு மருந்து ஆறு மாதம். இரண்டாம் மாதத்திலேயே பசியெடுத்து உடம்பு தேறிவிடும். பலர் மாத்திரையை நிறுத்துவது அப்போதுதான். அப்படிப் பாதியில் நிறுத்தினால் கிருமி அந்த மருந்துக்கு அடங்காமல் போய்விடலாம், அப்புறம் வைத்தியம் கடினம். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனால் பயப்பட வேண்டாம், அது ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம். கண் மஞ்சளானால் மட்டும் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

நோயாளிக்குத் தனித்தட்டு, தனித்தம்ளர் என்று ஒதுக்குவது வீண் வேலை. இது இருமலில் காற்று வழியாகப் பரவுவது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். இருமும்போது வாயை மூடச் சொல்லுங்கள். 1950களின் இறுதியில் சென்னையில் நடந்த ஆய்வில், நோயாளிகளை வீட்டில் வைத்து மருந்து கொடுத்தபோதும், மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களின் குடும்பத்தாரைவிட அவர்கள் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவில்லை.

ஆனால் வீட்டில் உள்ள எல்லோரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். நோய் இல்லை என்று தெரிந்தால், வராமல் தடுக்கும் மருந்தும் இலவசமாகக் கிடைக்கும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை இருந்தால் முதலில் அதைக் கூட்டிப் போங்கள்.