தவணையும் தடைக்காலமும்

'ஆடம்பரம் பண்ணாதே' என்று சொல்லித்தான் நம் வீடுகளில் பிள்ளைகளை வளர்க்கிறோம். தமிழில் அது கண்டிக்கிற சொல். அதனால்தான் கடை விளம்பரங்களில் அந்தச் சொல்லைக் காண்பது அரிது. 'லக்சுரி', 'பிரீமியம்' என்றே போடுகிறார்கள். அர்த்தம் ஏறக்குறைய அதேதான். கேட்கும்போது மட்டும் மனசு உறுத்தாது.

இதோடு மாதத் தவணையும் சேர்ந்துகொள்கிறது. 1,20,000 ரூபாய் பைக் கடனுக்கு 'வட்டி வெறும் 10%, 24 மாதம், மாதம் 6,000' என்பார்கள். இது ஃப்ளாட் வட்டி, அதாவது அசல் குறைந்தாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசி வரை போடும் வட்டி. ஆண்டுக்கு 12,000 வீதம் இரண்டு ஆண்டுக்கு 24,000. ஆக மொத்தம் 1,44,000. பன்னிரண்டு தவணை முடிந்தபோது அவர்கள் கணக்குப்படியே அசலில் பாதி அடைந்திருக்கும். ஆனாலும் வட்டி முழு 1,20,000-க்கே ஓடிக்கொண்டிருக்கும். குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் இது ஏறத்தாழ 18% வட்டி. பிராசஸிங் கட்டணம் சேர்ந்தால் இன்னும் ஏறும். 2024 அக்டோபர் 1 முதல், பைக் கடன் உட்படத் தனிநபர்கள் வாங்கும் கடன்களுக்கு, கட்டணங்களையும் சேர்த்த உண்மையான ஆண்டு வட்டியை (ஏ.பி.ஆர்.) ஒரே தாளில், கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

நம் ராமநாதபுரம் கரைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பாம்பன், மண்டபம், தொண்டி என்று படகுக்காரர் வீட்டில் மட்டுமல்ல, ஐஸ் கம்பெனி, மீன் ஏற்றும் வண்டி, துறைமுகத்து டீக்கடை வரை வரவு சுருங்கும். மாதம் 5-ஆம் தேதி தவணை என்றால் மே, ஜூன் இரண்டும் இந்த இடைவெளியில் விழும். அது 12,000 ரூபாய். தடைக்கால நிவாரணமோ குடும்பத்துக்கு 8,000. அதுவும் அரிசி பருப்புக்கே போய்விடும். கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பினால் வங்கி ஒரு கட்டணம் பிடிக்கும், கடன் கொடுத்த நிறுவனம் தனியாக ஒன்று பிடிக்கும். கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண்ணும் இறங்கும். பள்ளிக்கூடம் திறக்கிற செலவு வருவதும் அந்த ஜூனில்தான்.

ஆகவே பெரிய பொருள் வாங்குவதைத் தடை முடிந்த பிறகு, ஜூலையில் வைத்துக்கொள்ளுங்கள். ஜூலை முதல் ஏப்ரல் வரை பத்து மாதம் 1,200 ரூபாய் வீதம் தனிக் கணக்கில் ஒதுக்கினால் அந்த 12,000 கையில் இருக்கும். தவணையோடு இந்த 1,200-ஐயும் சேர்த்து 7,200 கட்ட முடியுமா என்று பார்த்துத்தான் பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

உப்புக் காற்றையும் மறக்கக் கூடாது. 'பிரீமியம் ஃபினிஷ்' என்று விற்கும் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கேட்டும் மாடிக் கைப்பிடியும் 202 தரமாக இருக்கலாம். நிக்கல் குறைவு, மாங்கனீஸ் கூடுதல். கடலோரத்தில் சீக்கிரமே வெல்ட் ஓரங்களில் பழுப்புப் புள்ளி தலைகாட்டும். 304 அதைவிடத் தாங்கும். மாலிப்டினம் கலந்த 316 உப்புக்கு இன்னும் நன்றாக நிற்கும். 'காந்தம் ஒட்டலை, அசல்தான்' என்று காட்டுவார்கள். 202, 304 இரண்டிலுமே காந்தம் பெரிதாக ஒட்டாது. பளபளப்பைப் பார்க்காமல், தர எண்ணைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.