வாட்ச்ல 97 காட்டுது, அப்புறம் ஏன் டாக்டர் மூச்சு முட்டுது?

சாரல் ஆரம்பிச்சாச்சு. செங்கோட்டை, புளியரை, அந்தப் பக்கம் கேரளாவுல ஆரியங்காவு, தென்மலைன்னு ஆஸ்துமா, வீசிங் கேஸ் வரிசையா வருது, அது வருஷா வருஷம் உள்ளதுதான். எனக்கு இப்போ கோவம் வர்றது, வர்றவங்க கையில இருக்கிற ஸ்மார்ட் வாட்ச்சையும் அதுல காட்டுற ஆக்சிஜன் நம்பரையும் பாத்து.

போன வாரம் ஒரு அண்ணாச்சி, புனலூருக்கு லோடு அடிக்கிற டிரைவர். முட்டியில கைய ஊனிக்கிட்டு, தோள்பட்டை ரெண்டும் காதுகிட்ட ஏறி நிக்குது, பேரக் கேட்டா பாதிய சொல்லி மூச்சு வாங்கிட்டு மீதிய சொல்றார். கூட வந்த மைனி மட்டும் தெம்பா, "காலையில இருந்து பாத்துக்கிட்டேதான் இருக்கோம் சார், 96க்குக் கீழ எறங்கவே இல்ல, மவனும் கொச்சில இருந்து போன்ல பாத்துக்கிட்டு இருக்கான்"ங்குறாவ. எவ்வளவு வேகமா காத்த வெளிய தள்ள முடியுதுன்னு அளக்குற பீக் ஃப்ளோ மீட்டர்ல ஊதச் சொன்னா முள்ளு 150அத் தாண்டல. அவர் உயரத்துக்கும் வயசுக்கும் 500 பக்கம் வரணும்.

இந்த ஆக்சிஜன் நம்பர் பைத்தியம் கொரோனா கொடுத்துட்டுப் போனது. அப்போ 94க்குக் கீழ போனா ஓடி வாங்கன்னு நாங்கதான் சொன்னோம், சரிதான், ஏன்னா அந்த நோய்ல ஆள் நல்லா பேசிக்கிட்டு இருப்பார், ஆக்சிஜன் சத்தமில்லாம எறங்கும். ஆஸ்துமா அப்படியே தலைகீழ். மூச்சுக்குழாய் சுருங்கி காத்த வெளிய விட முடியாம ஆள் திணறுவார், ஆனா உடம்பு வேகவேகமா இழுத்து அந்த நம்பர எப்படியாவது 95, 96ல பிடிச்சு வச்சிக்கும். பெரும்பாலும் அது கடைசியா எறங்குற நம்பர். அது 92க்குக் கீழ வர்ற வரைக்கும் காத்திருந்தா நேரா ஐசியுதான். வண்டி நின்னதுக்கு அப்புறம் எரியிற ரிசர்வ் லைட்ட நம்பி யாராவது வண்டி ஓட்டுவாங்களா? இதுல வாட்ச் வேற மணிக்கட்டுல, கை அசைஞ்சா தப்பு, குளிர்ந்து கிடந்தா தப்பு. பல கம்பெனிக்காரங்களே இது மருத்துவத்துக்கு இல்லன்னு சின்ன எழுத்துல போட்டிருக்காங்க, அத யாரு படிக்கா.

கருவியே வேண்டாம்னு சொல்லல. பீக் ஃப்ளோ மீட்டர் வாங்குங்க, புளூடூத் உள்ளதுன்னாலும் சரி, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற வெறும் முள்ளு உள்ளதுன்னாலும் சரி. உடம்பு நல்லா இருக்கும்போது ரெண்டு வாரம், காலையும் சாயங்காலமும், நின்னுக்கிட்டு மூணு தடவ ஊதி அதுல பெருச எழுதுங்க. அந்த ரெண்டு வாரத்துல வந்த உச்சம்தான் உங்க நம்பர், அடுத்த வீட்டு அக்காவோடது இல்ல. அதுல 80 சதவீதத்துக்குக் கீழ போனா டாக்டர் எழுதிக்கொடுத்தபடி மருந்த மாத்தணும். பாதிக்குக் கீழன்னா ரிலீவர், அதாவது மூச்சு முட்டும்போது உடனே அடிக்கிற இன்ஹேலர், அடிச்சிட்டு உடனே கிளம்பணும், வாட்ச் என்ன காட்டுனாலும் சரி.

இன்ஹேலர்ல மாட்டுற சென்சாரும் வந்திருக்கு, எத்தன மணிக்கு அமுக்குனீங்கன்னு போனுக்கு அனுப்பும். ராத்திரி 3 மணிக்கு நாலு நாளா ரிலீவர் அடிச்சிருக்கார்னு தெரிஞ்சாலே எனக்கு பாதி வேல முடிஞ்சுது. ஆனா நீங்க அமுக்குனது நெஞ்சுக்குள்ள போச்சா தொண்டையிலயே நின்னுச்சான்னு பல சென்சாருக்குத் தெரியாது, அதனால இன்ஹேலர் முன்னாடி மாட்டுற குடுவை, அந்த ஸ்பேசர் வச்சே அடிங்க. சென்சார் இல்லையா, நாள்காட்டித் தாள்ல பேனாவால ஒரு புள்ளி வைங்க, போதும். 200 டோஸ் ரிலீவர் வருஷத்துல மூணு வாங்குறீங்கன்னா ஆஸ்துமா கட்டுக்குள்ள இல்லன்னு அர்த்தம். ஒன்னு தென்காசியில, ஒன்னு புனலூர்லன்னு வாங்குனா ரெண்டு மருந்துக்கடைக்காரருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தினமும் எடுக்க வேண்டிய மருந்த மூச்சு நல்லா இருக்குன்னு நிறுத்தாதீங்க, கையெடுத்துக் கும்பிடுறேன்.

ஒரு வாக்கியம் முழுசா பேச முடியலன்னா மீட்டரத் தேடவே வேண்டாம். நேரா உக்கார வச்சு, ஸ்பேசர்ல அரை நிமிஷம் ஒரு நிமிஷம் விட்டு ஒவ்வொரு பஃப்பா, பத்து வரைக்கும் ரிலீவர் கொடுத்துக்கிட்டே 108 கூப்பிடுங்க, செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம்னாலும் அந்தப் பக்கம்னாலும் அதே நம்பர்தான். சாரல்ல பைக் பின்னாடி உக்கார வச்சு மட்டும் கூட்டிட்டு வராதீங்க.